நாலாவது பிளேட்டு

"பாய், நீயே சொல்லு. இது வண்டி ஓட்டறவன் வேலையா, சூளை போடறவன் வேலையா?"

சென்றாயண்ணன் கையில கிளட்ச் பிளேட்டு. ஓரமெல்லாம் கருகி, தேஞ்சு, ரிவிட்டு தலை வெளிய தெரியுது. நானும் என் மச்சான் தாவூதும் காலையில இருந்து மல்லாந்து கெடந்து, கியர் பாக்ஸ எறக்கி, அப்பத்தான் கழட்டி எடுத்துக் குடுத்தோம். ஒரு வருசத்துல இது மூணாவது.

தொப்பூர் கணவாயில கவுந்து கெடக்கற லாரிங்கள இழுத்தாறதுக்குன்னு அண்ணன் வாங்குன ரெக்கவரி வண்டிங்க அது. பழைய மிலிட்டரி வண்டி, பின்னாடி கிரேனு, இரும்பு ரோப்பு. இருவது டன்ன அசால்ட்டா இழுக்கும். அதுல போயி நாலு மாசத்துக்கு ஒருக்கா பிளேட்டு கருகுதுன்னா யாருக்குத்தான் கோவம் வராது?

டிரைவர் மாதப்பன் பழைய டயர் மேல உக்காந்து டீ குடிச்சிக்கிட்டு இருந்தான். மூஞ்சியில கொஞ்சமாச்சும் பயம் வேணுமே! ஊஹூம்.

"ஏம்பா, கிளட்ச் மேலயே கால வெச்சிக்கிட்டு இருக்கறயா?"ன்னு கேட்டேன். இருவது வருசமா தருமபுரியில ஒர்க்ஷாப் வெச்சிருக்கறவன் நான். பெடலப் பாதி அமுத்துனபடியே வெச்சிருந்தா பிளேட்டு ஒரசி ஒரசிக் கருகிரும்; பிளேட்டப் பாத்தே டிரைவரு கால் எப்பிடின்னு சொல்லிருவேன். அந்தத் திமிரு எனக்கு உண்டுங்க, இல்லேங்கல.

"வெக்கறேன்"னான்.

"எதுக்கு?"

"வெக்க வேண்டி வருது, வெக்கறேன்."

அண்ணனுக்குச் சுர்ருன்னு ஏறிருச்சு. "முப்பது வருசம் லோடு அடிச்சவன்டா நானு! எங்கிட்ட ஒரு பிளேட்டு ரெண்டு வருசம் ஓடும். இனிமே கிளட்ச் மேல கால வெக்க மாட்டேன்னு பாய் முன்னாடி சொல்லு. இல்லேன்னா சாவியக் குடுத்துட்டுக் கெளம்பு."

மாதப்பனுக்குக் கம்பைநல்லூர்ல மூணு பொட்டப் புள்ளைங்க. மழையில்லாம காடு காஞ்சு கெடக்குது. இந்த வேலைய விட்டா கஞ்சிக்கு வழியில்ல. 'சரிங்க'ன்னு ஒரு வார்த்தை சொன்னா முடிஞ்சுது.

அவன் எந்திரிச்சு டம்ளரக் கீழ வெச்சான்.

"சொல்ல மாட்டனுங்க. நாளைக்கும் வெப்பேன். பிளேட்டு போனா போவட்டும்."

"கொழுப்பப் பாத்தியா பாய்! காரணத்தயாச்சும் சொல்றானா?"

"போன தடவையே சொல்ல வந்தனுங்க. கத விடாதன்னீங்க. மறுக்கா சொல்ல எனக்கு வாயில்ல. ஒரு நாளைக்கு நீங்களே ரோப்ப மாட்டி இழுத்துப் பாருங்க, மொதலாளி."

சாவிய பானட் மேல வெச்சுட்டு பஸ் ஸ்டாண்டப் பாத்து நடந்தான். திரும்பிக்கூடப் பாக்கல.

"நல்ல வேலை பண்ணீங்கண்ணே. இவனுங்களுக்கெல்லாம் இப்பிடித்தான் வேணும்"னு நானும் ஒத்து ஊதுனேன்.

புதுப் பிளேட்டு போட்டு, கியர் பாக்ஸ ஏத்தி, பெடல சரி பண்ணிக் குடுத்தோம். அண்ணனே ஏறி உக்காந்தாரு. "ரெண்டு வருசம் கழிச்சு வரேன் பாரு பாய்!"

நாலே நாளு. மத்தியானம் ஒரு லாரி அந்த ரெக்கவரி வண்டியச் சங்கிலி போட்டு இழுத்துக்கிட்டு வந்து என் வாசல்ல நிக்குது! இழுக்கற வண்டிய இன்னொரு வண்டி இழுத்தாற கூத்த நான் எங்க போயி சொல்ல? கிட்டப் போறதுக்குள்ள கருகுன நாத்தம் மூக்கத் தொளைக்குது.

"என்னண்ணே இது? யாரு ஓட்டுனது?"

"நான்தான்."

சட்டையெல்லாம் கிரீஸு, தக்காளிச் சாறு. மூஞ்சி எம் பக்கம் திரும்பவே இல்ல.

"நீங்களுமா கிளட்ச் மேல கால வெச்சீங்க?"

"முக்கா மணி நேரம் வெச்சேன் பாய்."

அன்னிக்கு மாதப்பன் உக்காந்திருந்த பழைய டயர் மேலயே உக்காந்தாரு. அப்புறம் அவராவே ஆரம்பிச்சாரு.

"தக்காளி லாரி ஒண்ணு பாறையில மோதி முன்பக்கம் நசுங்கிருச்சு. டிரைவரு உள்ளயே இருக்கறான், காலு ரெண்டும் ஸ்டீயரிங்குக்குக் கீழ மாட்டிக்கிட்டுது. ரோப்ப மாட்டிட்டேன். பெடல்ல இருந்து கால எடுத்தா ஒரே இழுப்புல லாரி வெளிய வந்துரும், பிளேட்டுக்கு ஒண்ணும் ஆவாது. ஆனா அவன் காலு அங்கியே கெடக்கும். அரை வெரக்கடை, அரை வெரக்கடையா இழுக்கணும்னா பெடலப் பாதியில புடிச்சுக்கிட்டேதான் இருக்கணும். பொகை வருது, எரியுதுன்னு தெரியுது. எடுக்க முடியுமா பாய் கால?"

"அந்த ஆளு?"

"யாரோ ஆந்திராக்காரன். பேருகூடத் தெரியாது. ரெண்டு காலோட ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கறான்."

யா அல்லா! பிளேட்டப் பாத்தே சொல்லிருவேன்னு சொன்னவன் நான். மூணு பிளேட்டப் பாத்தேன், ஒண்ணும் தெரியல எனக்கு. ஒருத்தன் பொழப்பக் கெடுத்ததுல எனக்கும் பங்குதானேன்னு வெக்கமா போச்சு. பேசாம ஜாக்கிய எடுக்கப் போனேன்.

"பாய், ரெண்டு பிளேட்டு வாங்கி வை. நான் கம்பைநல்லூர் போறேன். கையப் புடிச்சுக் கெஞ்சியாச்சும் மாதப்பனக் கூட்டியாறேன்."

"ஒரு வண்டிக்கு எதுக்குண்ணே ரெண்டு?"

"ஒண்ண மாட்டு. இன்னொண்ணு சீட்டுக்கு அடியில எப்பவும் கெடக்கட்டும். உள்ள ஒரு உசுரு மாட்டிக்கிட்டு இருக்கறப்ப, மொதலாளி திட்டுவானேன்னு மாதப்பன் ரோசனை பண்ணக் கூடாது பாரு."