ஒரு ஜோடி காகிதக் கம்மல்

“ஒரே ஒரு ஜோடி செஞ்சு காட்டுங்கக்கா. அது போதும்” என்றாள் கண்காட்சியை நடத்தும் ஆர்த்தி.

வேல்விழி தலைநிமிரவில்லை. “இன்னைக்கு ஒடம்பு ஒரு மாதிரி இருக்கு மேடம்.”

“நேத்தும் இதத்தானே சொன்னீங்க?”

விருதுநகரில் வியாபாரிகள் சேர்ந்து கட்டிய கலைக்கூடத்தில் கைவினைக் கண்காட்சியின் கடைசி நாள் அது. முதல் பரிசு வேல்விழியின் கம்மல்களுக்குத்தான் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். சிவகாசி அச்சகங்களில் வெட்டி எறிகிற வண்ணத்தாள்களை இழை இழையாகச் சுருட்டிச் செய்த மயில்கள், மாதுளம்பூக்கள், ஜிமிக்கிகள். கையில் எடுத்துப் பார்த்தால்தான் காகிதம் என்று தெரியும்.

பரிசுக்கு ஒரே ஒரு நிபந்தனை. செய்தவர் எல்லோர் முன்னாலும் செய்து காட்ட வேண்டும். பக்கத்துக் கடை இருளம்மாள் பேசிக்கொண்டே ஓர் ஓலைக்கொட்டானை முடைந்து வைத்துவிட்டாள். மண்குவளைக்காரர் சக்கரத்தைச் சுழற்றி இரண்டு குவளை எடுத்துக் காட்டினார். மிச்சம் வேல்விழி மட்டும்தான்.

கூட்டத்தின் பின்வரிசையில் அவள் கணவன் முனியராஜ் நின்றிருந்தான். நாரணாபுரத்தில் ஓர் அச்சகத்தில் லோடுமேன். காகித பண்டல்களை முதுகில் ஏற்றி லாரிக்குக் கொண்டுபோகிற ஆள். முறுக்கிய மீசை. விற்காத சாமான்களை வீட்டுக்கு எடுத்துப் போக வந்திருந்தான். கூடவே, அவனோடு லோடு ஏற்றுகிற பெத்தணனும்.

ஆர்த்தி ஊசியையும் பசையையும் தாள் இழைகளையும் மேசையில் எடுத்து வைத்தாள். வேல்விழி ஓர் இழையை எடுத்து ஊசியில் சுற்றினாள். அவள் ஊசியைப் பிடித்த விதத்தைப் பார்த்ததுமே முனியராஜுக்குத் தெரிந்துவிட்டது, இது தேறாது என்று. இழை நழுவிப் பிரிந்தது. மறுபடியும் சுற்றினாள். பசை விரலில் ஒட்டி, தாள் கிழிந்தது. முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

“அக்கா, உண்மையச் சொல்லுங்க. இதெல்லாம் நீங்க செஞ்சதுதானா?”

வேல்விழி கிழிந்த தாளை உள்ளங்கையில் கசக்கினாள். கூட்டத்தில் கண்ணை ஓட்டினாள். கணவனைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான்.

“இல்ல மேடம். மதுரையில வாங்கிட்டு வந்து வச்சேன்.”

முதலில் வாயைத் திறந்தது இருளம்மாள்தான்.

“அடிப்பாவி! மூணு நாளா எங்கூட உக்காந்து ஒரே தூக்குல சோறு தின்னியே. இனி நான் முடைஞ்ச கொட்டானையுமில்ல வாங்குனதான்னு கேப்பாக?”

ஆர்த்தியின் முகம் சிவந்துவிட்டது. கூட்டத்தைத் துழாவி முனியராஜைக் கண்டுபிடித்தாள்.

“நீங்க இவங்க வீட்டுக்காரர்தானே? இதெல்லாம் எங்கருந்து வந்துச்சுன்னு உங்களுக்கும் தெரியுமா?”

எல்லோரும் திரும்பினார்கள். பெத்தணனும் அவனையே பார்த்தான். முனியராஜ் மீசையை நீவிக்கொண்டான்.

“எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க மேடம்.”

வேல்விழி அதைக் கேட்டாள். கம்மல்களை ஒவ்வொன்றாக எடுத்து அட்டைப்பெட்டியில் அடுக்கினாள். கடைக்கு மேலே ‘வேல்விழி, கைவினைக் கலைஞர்’ என்று எழுதித் தொங்கவிட்டிருந்த அட்டையை ஒருவர் வந்து கழற்றிக்கொண்டு போனார்.

வாசலில் பெத்தணன் முனியராஜின் தோளைத் தட்டினான்.

“ஏலே, விடுலே. பொம்பளைக செய்ற காரியத்துக்கு நீ என்ன பண்ணுவ? ஆனா தங்கச்சி இப்பிடிப் பண்ணும்னு நான் நெனைக்கவே இல்லலே.”

பெத்தணன் டீ குடிக்க எதிர்ப்பக்கம் போய்விட்டான்.

வேல்விழி பெட்டியோடு வெளியே வந்தாள். உள்ளிருந்து வந்த இரண்டு பெண்கள் அவளைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தி, தள்ளி நடந்து போனார்கள். அவள் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு முனியராஜின் வண்டியின் பக்கத்தில் வந்து நின்றாள்.

“போலாமா? புள்ள பிரீத்திகா பள்ளிக்கூடம் விட்டு வந்துருவா.”

முனியராஜ் வண்டியை எடுக்கவில்லை. கூசிப்போன முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டே கேட்டான்.

“ஏன் அப்பிடிச் சொன்ன? மதுரையில வாங்குனேன்னு?”

“பெறகு என்னத்தச் சொல்ல?”

“எல்லாரும் ஒன்னத் திருடி மாதிரி பாக்காகல்ல.”

“பாத்தாப் பாக்கட்டும்.” அவள் பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு வண்டியின் பின்னால் ஏறி உட்கார்ந்தாள். “லோடுமேன் உக்காந்து கம்மல் செய்றான்னு தெரிஞ்சா ஒரு பய மதிக்க மாட்டான்னு, புள்ள தலையில அடிச்சு எங்கிட்ட சத்தியம் வாங்கினது நீங்கதானே? எனக்குக் கெட்ட பேரு வந்தா வந்துட்டுப் போகுது. ஒங்க கைக்கு வரவேண்டிய பரிசுல்ல போயிருச்சு!”