மலைமேல் நிற்கிறவர் பெயர்

“ஆறுமுகம்னு எழுதச் சொல்லு தம்பி.”

“பழனிதான், அக்கா. என் சூராட்டுல, பொறந்த பத்திரத்துல...”

“உனக்கு மட்டும்தான் பொறப்பு சூராட்டா? அறுபது வருசமா நான் ஆறுமுகம் மகடா.”

“நான் பழனி மகன். அப்ப நீ யாரு, பக்கத்து லயத்து வீட்டுப் புள்ளயா?”

மேசைக்கு அந்தப் பக்கம் சயாம்காரப் பெண் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

முன்னால் பதிவேடு. யுத்தத்தின்போது ரயில் பாதை போட ஜப்பான்காரன் மலாயாவிலிருந்து இங்கே பிடித்துவந்து, திரும்பிப் போகாதவர்களுக்கானது. அதில் எழுதும் பெயரை அருங்காட்சியகச் சுவரில் வெட்டுவார்கள்.

சுவரில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தார்கள்.

தமிழர்களுக்கு விட்ட இடத்தில் பதினொரு பெயர்.

மற்றது வெறும் கல்.

சக்கர நாற்காலியில் அம்மா. எண்பத்தாறு வயது. நெற்றியில் குங்குமம்.

“எல்லாம் உன்னாலதாம்மா,” என்றாள் மகள். “சூராட்டு எடுக்கப் போன எடத்துல எஸ்டேட்டு ஆபீசுல எழுதுற கிராணி உன் புருசன் பேரக் கேட்டா, ‘மலைமேல நிக்கிற சாமி பேரு’ன்னா சொல்லுவ? அவன் ஆறுமுகம்னு எழுதிட்டான். அடுத்த எஸ்டேட்டுல இவனுக்குப் பழனின்னு எழுதிட்டான்.”

“நல்ல வேள, மூணாவது புள்ள இல்ல,” என்றான் தம்பி.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு நாற்காலிக்கு அருகில் குனிந்தாள்.

“அந்தப் பேரு தெரிஞ்ச ஆளு நீ ஒருத்திதான் இருக்க. இன்னிக்காச்சும் சொல்லும்மா. தப்பா எழுதிட்டா அப்பா இங்கயும் இல்லாமப் போயிடுவாரு.”

அம்மா தலையசைத்து மறுத்தாள்.

“நான் சொன்னா அவரு ஆயுசு கொறையும்டி.”



மகன் அவள் காலடியில் உட்கார்ந்து, நழுவிய செருப்பை மாட்டிவிட்டான்.

“அப்பாவுக்கு இப்ப தொண்ணூறு தாண்டியிருக்கும்மா. நடந்தே வந்திருந்தாலும் இந்நேரம்...”



அம்மா அவன் நரைத்த தலையைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

பிறகு வாசல் பக்கம் கை காட்டினாள். நாற்காலியைத் திருப்பினார்கள்.

வெளியே தண்டவாளம். அதற்கப்பால் மூங்கில் காடு.

முந்தானையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டாள்.

“தண்டபாணி... ஏங்க, தண்டபாணி... புள்ளைங்க ரெண்டும் வந்திருக்குங்க. வாங்க, வீட்டுக்குப் போவோம்.”