ஜனவரியில் வந்த திருத்தம்

பட்டம் வாங்க வேண்டுமென்றால் ஒவ்வொரு மாணவரும், யார் வேண்டுமானாலும் திருத்தம் அனுப்பக்கூடிய ஏதாவதொரு திறமூல மென்பொருளுக்குப் பத்துத் திருத்தங்களாவது அனுப்ப வேண்டும் என்ற விதியை எழுதியதே பேராசிரியர் ஹேமலதாதான். தன்னார்வலர்கள் பெருகுவார்கள் என்று நம்பினார். இப்போது அவர் பொறுப்பிலிருந்த மூச்சுக் கருவி மென்பொருளுக்கு மட்டும் நாற்பதாயிரம் திருத்தங்கள் ஒப்புதலுக்குக் காத்துக் கிடந்தன.

கைபேசி அடித்தது.

"மேம், தர்ஷித் பேசறேன். நாளைக்கு மார்க் க்ளோஸ் பண்றாங்க. என்னோடத மட்டும் அப்ரூவ் பண்ணிடுங்க மேம்."

"என்னடா மாத்தியிருக்க?"

"ஒரு கமாவ எடுத்தேன். பசங்க திருப்பிப் போட்டுட்டானுங்க. அதான் மறுபடியும் எடுத்தேன்."

பல்லைக் கடித்துக்கொண்டு அதைத் தேடும்போதுதான், தேனியிலிருந்து ஒரு செவிலியர் ஜனவரியில் அனுப்பியது கண்ணில் பட்டது. 'கரன்ட் போனால் அலாரம் அடிப்பதில்லை. சரிசெய்திருக்கிறேன். தயவுசெய்து சீக்கிரம் பாருங்கள்.'

மார்ச்சில் ஒரு காலை கரன்ட் போனபோது, ஹேமலதாவின் கணவர் பார்த்திபனின் மூச்சுக் கருவி சத்தமில்லாமல் நின்றுபோயிருந்தது.

ஹேமலதா ஒப்புதல் கொடுத்தார். வெறும் கட்டிலருகே இன்னும் அணைக்காமல் வைத்திருந்த அந்தக் கருவிக்குத் திருத்தம் வந்து சேர்ந்ததும், அதன் ப்ளக்கைப் பிடுங்கினார். அது வீறிட்டது.

"என்ன மேம் சத்தம்?" என்றான் தர்ஷித்.

ஹேமலதா அடுப்படிக்குப் போனார். கரன்ட் போன அன்று காலை காபி கலந்துகொண்டிருந்த அதே இடத்தில் நின்று பார்த்தார். நன்றாகவே கேட்டது.