இரண்டாம் நாள் மத்தியானம்

மூன்று நாள் காட்டு நடை, வெயில் நாற்பத்தாறு டிகிரி. தொப்பி, ஓ.ஆர்.எஸ். பாக்கெட், பாம்புக்கடிக்குக் கட்டுத்துணி எல்லாவற்றையும் தமயந்திதான் எடுத்து வைத்தாள். அவள் கணவன் புகழேந்தி ஷூ லேஸ் கட்டிக்கொண்டான்.

செக்போஸ்டில் இருந்த எஸ்தர் பைகளை எடை போட்டாள். வருஷக்கணக்காக இருவர் மணிக்கட்டிலும் கிடந்து அவர்கள் பழக்கங்களைப் பதிவு செய்த பட்டைகளைக் கழற்றி வாங்கிக் கணினியில் வைத்தாள். அந்தப் பதிவை வைத்துத் திரையில் நடத்தும் ஒத்திகை தேறினால்தான் கேட் திறக்கும்.

திரையில் அவனைப் போல ஒருவனும் அவளைப் போல ஒருத்தியும் நடந்தார்கள். இரண்டாம் நாள் மத்தியானம் அவள் ஒரு பாறையோரம் உட்கார்ந்தாள். பிறகு எழுந்திருக்கவில்லை.

"தண்ணி பத்தல மேடம்," என்றாள் எஸ்தர்.

புகழேந்தி மனைவியின் பையில் இன்னும் இரண்டு பாட்டில் திணித்தான். "இப்பப் போடுங்க."

இந்த முறை மூன்றாம் நாள் காலையில் உட்கார்ந்தாள்.

"இவ்வளவு தண்ணியும் எங்கதான் போகுது?"

எஸ்தர் தயங்கினாள். "உங்களுக்குக் குடுத்துடறாங்க சார்."

"நான் கேக்கவே மாட்டேனே!"

"நீங்க கேக்கல சார். வேண்டாம்னும் சொல்லல."

தமயந்தி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "என்னைத் தனியா அனுப்பிப் பாருங்க."

மூன்றாம் நாள் சாயங்காலம், திரையில் அவள் காட்டின் மறுமுனைக்கு வந்து சேர்ந்தாள். பாட்டிலில் மிச்சமிருந்த தண்ணீரில் நிதானமாக முகம் கழுவினாள்.

கேட் திறந்தது.

தமயந்தி கார் சாவியை எடுத்துக் கணவனிடம் நீட்டினாள். பழக்கதோஷத்தில் அவன் வாங்கிக்கொண்டான்.