ஓர் ஆள் குக்கர்

மனிதகுலம் பட்டுவந்த காத்திருத்தல் என்னும் துன்பம் இன்றோடு ஒழிந்தது. இனி யாரும் ஆர்டர் போட வேண்டியதில்லை. உங்களுக்கு என்ன தேவைப்படும் என்பதை முன்கூட்டியே அறிந்து, நாங்களே வாசலில் கொண்டுவந்து வைப்போம்.

கம்பெனியின் இந்தப் பிரகடனம் வெளியான வாரமே சிதம்பரநாதன் வீட்டுக்கு ஒரு பார்சல் வந்தது. அவர் மனைவி வசுமதி பிரித்தாள். உள்ளே ஓர் ஆளுக்கு மட்டும் சோறு வைக்கும் குட்டிக் குக்கர்.

சிதம்பரநாதனுக்கு வியர்த்தது. தனியாகப் போய்விட வேளச்சேரியில் ஓர் அறை பேசி முடித்திருந்தார். இவளிடம் சொல்லத்தான் வாய் வரவில்லை.

“அட்ரஸ் மாறி வந்திருக்கும். குடு, திருப்பி அனுப்பிடறேன்,” என்றார், அவள் முகத்தைப் பார்க்காமல்.

“அட்ரஸ் சரிதான். என் பேருக்குத்தான் வந்திருக்கு.” வசுமதி குக்கர் மூடியைத் துடைத்தாள். “நான் இன்னும் யார்கிட்டயும் சொல்லல. இவங்களுக்கு எப்படித் தெரிஞ்சுதுன்னுதான் புரியல. நீங்க ஏங்க இப்படி வேர்த்து ஊத்தறீங்க?”

மறுநாள் அவர் பெயருக்கும் ஒரு பார்சல் வந்தது. அதில் மெஸ் சாப்பாடு வாங்கிவர ஒரு டிபன் கேரியர் இருந்தது.

அவருக்குச் சமைக்கத் தெரியாது என்பது கம்பெனிக்கும் தெரிந்திருந்தது.