சண்முகநாதனின் சைவ வால்வு

ஜெபரட்ணம் மாஸ்ரர் படலையைத் திறக்குமுன்னமே சண்முகநாதனின் மனைவி குணலட்சுமி ஓடிவந்து மறித்தா.

"மாஸ்ரர், கும்பிட்டுக் கேக்கிறன். இவரோடை மாட்டுக் கதை மட்டும் எடுத்துப்போடாதேங்கோ."

மாஸ்ரருக்குப் பெரிய ஏமாற்றம். பின்னே என்ன, அதைக் கதைக்கத்தானே வேட்டி மாற்றிக்கொண்டு வந்தவர்.

பக்கத்து வீட்டுச் சண்முகநாதன் சுத்த சைவம். ஞாயிறு சேர்ச் முடிந்து மாஸ்ரர் வீட்டில் மாட்டிறைச்சிக் கறி கொதித்தால் போதும், மதிலுக்கு மேலால் தலை நீட்டுவார். "மாடு தின்ற உடம்புக்கு மோட்சம் கிடையாது காணும்!" எத்தனையோ வருசமாக இதே ஏச்சு.

இப்போது எண்பது தாண்டிய வயதில் அவருடைய இதய வால்வு சுருங்கிப் போய்விட்டது. நெஞ்சைத் திறந்தால் ஆள் தாங்காது என்று, கொழும்பில் தொடையால் குழாய் விட்டுப் புது வால்வு வைத்து அனுப்பியிருந்தார்கள். அந்த வால்வு மாட்டின் இதயச் சவ்வில் செய்தது. மாஸ்ரர் அதைப் போனில் தேடி வாசித்துவிட்டார்.

"இவருக்குப் பிளாஸ்ரிக் எண்டுதான் சொல்லி வைச்சிருக்கிறம். உண்மை தெரிஞ்சால் அந்த இடத்திலையே போயிடுவார்." குணலட்சுமி கண்ணைத் துடைத்தா.

மாஸ்ரருக்கு மனம் இளகிவிட்டது. பகிடியை விழுங்கிக்கொண்டு உள்ளே போனார்.

"அண்ணை, பிளாஸ்ரிக் நல்ல சாமானாம். பழுதே வராதாம்."

"ஓம், ஓம். சுத்தமான சாமான்" என்றார் கட்டிலில் இருந்த சண்முகநாதன். குணலட்சுமி தேத்தண்ணி போடக் குசினிக்குள் போனதும் மாஸ்ரரின் கையைப் பிடித்து இழுத்தார்.

"மாடு எண்டு டொக்டர் எனக்கு முதலே சொல்லிப்போட்டார். உயிராசை, ஓமெண்டிட்டன். இவளுக்குத் தெரியாது. பாவம், அறிஞ்சால் தாங்கமாட்டாள். வாயைத் திறந்திடாதையும்."

மாஸ்ரருக்குச் சிரிப்பு முட்டியது. "அப்ப மோட்சம், அண்ணை?"

"தின்ற உடம்புக்குத்தானே கிடையாது? நான் தின்னேல்லையே."

"சரி, இனி என்ரை கறிக்கு ஏசமாட்டியள்தானே?"

"உமக்கென்ன விசரே? ஏசாமல் விட்டால் இவளுக்குச் சந்தேகம் வந்திடும். ஞாயிற்றுக்கிழமை இன்னும் சத்தமாய் ஏசுவன், கோவியாதையும்."