கீர்த்தியின் வருகைப்பதிவு

மழையால் பள்ளி மூடியதிலிருந்து கீர்த்திக்கு அம்மா கோவிந்தம்மாவின் போனில்தான் வகுப்பு. மத்தியானம் மீன் விற்றுவிட்டுத் திருவொற்றியூர் வீட்டுக்கு வந்த அம்மாவிடம் அவள் அழுதுகொண்டே சொன்னாள்.

“இன்ஸ்டால ஒரு பொண்ணு, என் கிளாஸ்தான்னுச்சு. வூடு எங்க கீதுன்னு கேட்டுச்சு, சொல்லிட்டேன். இப்ப வந்துகினு கீறேன்னு மெசேஜ் போட்டுக்கீது.”

கோவிந்தம்மா கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். மகளிடமிருந்து போனை வாங்கி வகுப்பாசிரியை எழில்மொழியை அழைத்தாள்.

“கீர்த்தி பயந்துகினு கீது மிஸ். இன்னிக்கு கிளாசுக்கு வரல.”

“வந்திருக்காளேம்மா. இதோ, கேமராவுல என் எதிர்லதான் உட்கார்ந்திருக்கா.”

கோவிந்தம்மா மகளை இறுக்கி அணைத்துக்கொண்டாள். கீர்த்தி வாயைத் திறக்கவே இல்லை. ஆனால் ஆசிரியையின் கணினியிலிருந்து அவள் குரல் போனில் கேட்டது.

“அம்மா கதவ சாத்திடுச்சு மிஸ். நான் உள்ளதான் கீறேன்.”